சிறுநீரகம் கெட்டால் கிருமிக்குக் கொண்டாட்டம்!

சிறுநீரகம் பழுதான ஒருவரிடம் சென்று, "எதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். உப்பு என்பார். தண்ணீர் என்பார். வாழைப்பழம், இளநீர் என்று ஒரு பட்டியல் சொல்வார். வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் செலவைச் சொல்வார்கள். "கிருமி" என்று பதில் சொல்பவர் மிக அரிது.

ஆனால் மருத்துவர்களின் கணக்கு வேறு. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முதலிடம் இதய நோய்க்கு. அதற்கு அடுத்த இடம் கிருமித் தொற்றுக்கு! சிறுநீரகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு வாசல் வழியாக ஆபத்து உள்ளே வந்துவிடுகிறது.

அந்த வாசல் எங்கே இருக்கிறது, அதை எப்படிச் சாத்துவது என்பதை விருதுநகரில் ஒரு கணக்குப்பிள்ளை தன் உடம்பைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார். அவருடைய கதையோடு சேர்த்துச் சொன்னால் விஷயம் எளிதாகப் புரியும்.

மார்ச் கணக்கு முடியட்டும்...

அவருக்கு அப்போது வயது 54. பருப்பு, மிளகாய் வற்றல் வியாபாரம் செய்யும் ஒரு கமிஷன் மண்டியில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுபவர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் தனியாக ஒரு நாள்வழிக் குறிப்பேடு வைத்திருப்பார். கடைக் கணக்கு ஒரு பக்கம், வீட்டுக் கணக்கு மறுபக்கம். சர்க்கரை நோய் பதினைந்து ஆண்டுகளாக உண்டு. சிறுநீரகத்தை அது மெல்ல அரித்துக்கொண்டிருந்தது.

2018 செப்டம்பரில் இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு 5-ஐத் தாண்டியது. ஏறக்குறைய 1 இருக்க வேண்டிய அளவு அது. மதுரையில் பார்த்த மருத்துவர் அவரிடம் தெளிவாகவே சொன்னார்.

"ஐயா, இன்னும் சில மாசத்துல டயாலிசிஸ் தேவைப்படும். இப்பவே இடது கையில ஒரு பிஸ்டுலா போட்டு வெச்சுக்கலாம். அது பழுத்துத் தயாராக ரெண்டு மூணு மாசம் ஆகும்."

பிஸ்டுலா என்பது சிறிய அறுவை சிகிச்சை. மணிக்கட்டுக்கு அருகில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துத் தைப்பார்கள். தமனியின் வேகமான இரத்தம் சிரைக்குள் பாய்வதால் அந்தச் சிரை நாளடைவில் பருத்துத் தடித்துவிடும். பிறகு டயாலிசிஸுக்கான பெரிய ஊசிகளை அதில் குத்தலாம். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து முடித்துவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை தலையாட்டிவிட்டு வந்தார். ஆனால் செய்துகொள்ளவில்லை. "தீபாவளி வியாபாரம் முடியட்டும்" என்றார். தீபாவளி போனது. "பொங்கல் கழியட்டும்" என்றார். பொங்கலும் போனது. "மார்ச் கணக்கு முடிச்சுட்டு நிம்மதியாப் போய்ப் படுத்துக்கிறேன்" என்றார்.

உண்மையில் அவரைத் தடுத்தது வேலை மட்டும் அல்ல. "பிஸ்டுலா போட்டால் டயாலிசிஸ் உறுதியாகிவிடும்" என்ற பயம் அவருக்கு. போடாமல் இருந்தால் ஒருவேளை தப்பித்துவிடலாம் என்ற நப்பாசை. தெரிந்தவர் ஒருவர் வேறு ஏதோ கஷாயத்தைக் கொடுத்து, "மெஷின்ல ஏறிட்டா இறங்கவே முடியாது" என்று பயமுறுத்தியிருந்தார். குடையை வாங்காமல் இருந்தால் மழை வராது என்று நினைப்பதைப் போன்றதுதான் இது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சுதான் நடக்கிறது.

2019 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில் அவருக்கு மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டு போனார்கள். கையில் பிஸ்டுலா இல்லை. உடனடியாக டயாலிசிஸ் செய்ய ஒரே வழிதான் இருந்தது. கழுத்துச் சிரைக்குள் ஒரு குழாயைச் செருகினார்கள். உயிர் பிழைத்தார்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தற்காலிகக் குழாயை எடுத்துவிட்டு, மார்பில் தோலுக்கு அடியில் சிறிது தூரம் ஓட்டிப் பிறகு சிரைக்குள் செலுத்தும் வேறொரு குழாயைப் பொருத்தினார்கள். டயாலிசிஸ் மையங்களில் இதைப் பெர்ம்கேத் என்பார்கள். "இதோடயே பிஸ்டுலாவும் போட்டுருவோம்" என்றார் மருத்துவர். "மார்ச் முடியட்டும் டாக்டர், குழாய்தான் நல்லா ஓடுதே!" என்றார் கணக்குப்பிள்ளை.

கிருமிக்கு ஏன் இத்தனை வசதி?

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். சிறுநீரகத்திற்கும் நோய் எதிர்ப்புச் சக்திக்கும் என்ன தொடர்பு?

ஆரோக்கியமான இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றரை லிட்டர் அளவைத்தான் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அந்த வேலை நின்றுபோனால் கழிவுப் பொருட்கள் இரத்தத்திலேயே தங்கும். அந்த இரத்தத்தில்தான் உடலின் காவலர்களான வெள்ளணுக்களும் வாழ வேண்டும்!

கழிவு மிகுந்த இரத்தத்தில் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. கிருமி இருக்கும் இடத்துக்கு விரைந்து செல்வதும், அதை விழுங்கி அழிப்பதும் குறைகிறது. புதிய கிருமியை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை உருவாக்கும் அணுக்களும் சோர்ந்துபோகின்றன. டயாலிசிஸ் கழிவை ஓரளவுதான் நீக்கும். வாரம் 3 முறை, தடவைக்கு 4 மணி நேரம் என்றால் மொத்தம் 12 மணி நேரம். ஒரு வாரத்தில் இருப்பதோ 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் 168 மணி நேரமும் செய்யும் வேலையை இயந்திரம் 12 மணி நேரத்தில் செய்து முடிக்க முடியுமா?

இதோடு சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்கிறது. அதுவும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். பசியின்மையாலும் பத்தியத்தாலும் புரதச்சத்து குறைகிறது. குழந்தைகளுக்கு வரும் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோயில் எதிர்ப்பொருள் புரதமே சிறுநீரோடு வெளியேறிவிடும். அந்தக் குழந்தைகளுக்கு வயிற்று உறையில் சீழ் பிடிக்கும் ஆபத்து இருப்பது இதனால்தான்.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குக் கடுமையான தொற்று இருக்கும்போதுகூடச் சில நேரங்களில் காய்ச்சல் பெரிதாகத் தெரியாது. வெறும் சோர்வு, குளிர் எடுத்தல், இரத்த அழுத்தம் இறங்குதல், பேச்சில் குழப்பம் என்று மட்டும் வரலாம். வீட்டில் இருப்பவர்கள் "டயாலிசிஸ் செஞ்ச அசதி" என்று விட்டுவிடுவார்கள்.

ஆக, வீட்டுக்குள் காவலர்கள் அரைத்தூக்கத்தில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாசலையும் திறந்து வைத்தால் என்ன ஆகும்?

குழாய் வந்த வரலாறு

1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் மனிதர்களுக்குப் பயன்படும் முதல் டயாலிசிஸ் இயந்திரத்தை உருவாக்கினார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு இரத்தக் குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. சில முறைகளுக்குப் பிறகு வெட்ட இடமே இருக்காது. அதனால் தற்காலிகமாகச் சிறுநீரகம் நின்றவர்களுக்கு மட்டுமே அது பயன்பட்டது.

1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பவர் தமனியிலும் சிரையிலும் நிரந்தரமாக இருக்கும்படி டெஃப்லான் குழாய்களைப் பொருத்தினார். கிளைட் ஷீல்ட்ஸ் என்ற தொழிலாளிதான் அதன் முதல் நோயாளி. அதன் பிறகு அவர் ஏறத்தாழ பத்தாண்டுகள் வாழ்ந்தார். நாட்பட்ட சிறுநீரக நோயாளியும் வாழ முடியும் என்று உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான். ஆனால் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குழாயில் கிருமித் தொற்றும் இரத்தக் கட்டியும் அடிக்கடி தொல்லை கொடுத்தன.

1966-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரெசியா, சிமினோ, ஆப்பெல் ஆகியோரின் குழு பிஸ்டுலா முறையை வெளியிட்டது. வெளிப்பொருள் எதுவும் உடலில் இல்லை. சொந்தத் தோலே கதவு. ஊசியை எடுத்ததும் கதவு மூடிக்கொள்ளும். அறுபது ஆண்டுகள் ஆகியும், தொற்று அபாயத்தைப் பொறுத்தவரை இதைவிடச் சிறந்த வழி இன்னும் வரவில்லை. பிஸ்டுலாவுக்கு ஆபத்து மிகக் குறைவு. செயற்கைக் குழாயைத் தோலுக்கடியில் தைக்கும் கிராஃப்ட் முறைக்கு அதைவிட அதிகம். கழுத்திலோ மார்பிலோ வெளியே தெரியும் குழாய்க்குத்தான் எல்லாவற்றிலும் அதிகம்.

காரணம் எளிமையானது. குழாய் தோலைத் துளைத்துக்கொண்டு நேராக இதயத்தின் அருகே போய் முடிகிறது. தோலிலும் மூக்கின் உட்புறத்திலும் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள் அந்தத் துளையின் ஓரமாகவோ, குழாயின் மூடியைத் திறக்கும் கை வழியாகவோ உள்ளே இறங்கும். குழாயின் உட்சுவரில் பிசின் போல ஒரு படலம் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் நுழையாது.

சித்திரை முதல் நாள் குளியல்

மீண்டும் விருதுநகருக்கு வருவோம். மார்ச் கணக்கு முடிந்தது. 2019 ஏப்ரல் 14, சித்திரைத் திருநாள். ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மாதமாகத் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு அன்று தலைக்குக் குளிக்க ஆசை. மார்புக் கட்டில் தண்ணீர் படக்கூடாது என்று சிஸ்டர் பலமுறை சொல்லியிருந்தார்.

"என்னங்க, வேணாம்ங்க" என்றார் மனைவி.

"நல்ல நாள் அதுவுமா... கட்டு மேல பாலித்தீன் சுத்திக்கிறேன்" என்று குளித்துவிட்டார். பாலித்தீனைப் பிரித்தபோது கட்டு ஈரமாகத்தான் இருந்தது. மின்விசிறிக்கு எதிரே உட்கார்ந்து காயவைத்துக்கொண்டார். மறுநாள் டயாலிசிஸ் மையத்தில் ஒரே கூட்டம். கட்டை மாற்றினார்கள். குளித்ததைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

புதன்கிழமை இயந்திரத்தில் போட்டு அரை மணி நேரம் இருக்கும். திடீரென்று உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. பல் கிட்டியது. குழாய் உள்ளவர்களுக்கு இது ஒரு முக்கிய அடையாளம். குழாயில் ஒளிந்திருக்கும் கிருமிகளை இயந்திரத்தின் ஓட்டம் ஒட்டுமொத்தமாக இரத்தத்தில் தள்ளிவிடுவதால், டயாலிசிஸ் தொடங்கிய சற்று நேரத்தில் குளிர் நடுக்கம் வரும்.

அன்று மையத்தில் இருந்த சிஸ்டர் தாமதிக்கவில்லை. குழாயிலிருந்தும் கையிலிருந்தும் இரத்தம் எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் பேசி ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கினார். மாலையே மதுரைக்கு அனுப்பினார்கள். மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. ஊரெல்லாம் விரலில் மை வைத்துக்கொண்டு திரும்பியபோது அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வாக்குரிமை கிடைத்ததிலிருந்து வாக்களிக்கத் தவறியதே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர் அவர்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்தான். மார்புக் குழாயை எடுத்துவிட்டார்கள். தொடையில் தற்காலிகக் குழாய் போட்டு டயாலிசிஸ் நடந்தது. இந்தக் கிருமி இரத்தத்தில் புகுந்தால் இதய வால்வில் ஒட்டிக்கொள்ளும், முதுகெலும்பில் சீழ் கட்டும். அதனால் எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். நல்லவேளை, வால்வில் ஒன்றும் இல்லை. மூன்று வாரம் மருத்துவமனை. அதன் பிறகும் ஒவ்வொரு டயாலிசிஸ் முடிவிலும் ஊசி.

வீடு திரும்பியதும் அவர் செய்த முதல் வேலை குறிப்பேட்டை எடுத்ததுதான். பிஸ்டுலா அறுவைக்கு ஆகும் என்று சொல்லியிருந்த தொகையை ஒரு பக்கம் எழுதினார். மூன்று வாரச் செலவை மறுபக்கம் எழுதினார். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டுவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் இரண்டு வளையல்கள் அந்த மறுபக்கத்தில் போயிருந்தன. ஒன்றும் பேசாமல் குறிப்பேட்டை மூடி வைத்தார்.

அவர் பிழைத்தார். அவருக்குப் பக்கத்துப் படுக்கையில் டயாலிசிஸ் செய்துகொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பிழைக்கவில்லை. அவருக்கும் மார்பில் குழாய் இருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு குளிரும் காய்ச்சலும் வந்திருக்கிறது. "திங்கட்கிழமை எப்படியும் டயாலிசிஸுக்குப் போறோமே, அங்க சொல்லிக்கலாம்" என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். திங்கட்கிழமை காலை அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். இரத்த அழுத்தம் அதலபாதாளத்தில் இருந்தது. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தச் சம்பவத்திற்குப் பிறகு கணக்குப்பிள்ளை யாரிடமும் "பார்த்துக்கலாம்" என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. மே மாதம் இடது மணிக்கட்டில் பிஸ்டுலா போட்டுக்கொண்டார். எழுதும் கை வலது என்பதால் இடது கை. தினமும் ஸ்பாஞ்சுப் பந்தை அமுக்கிப் பயிற்சி செய்தார். ஆகஸ்டில் முதல் ஊசி குத்தினார்கள். அதன் பிறகு குழாயை எடுத்துவிட்டார்கள்.

மற்ற வாசல்கள்

குழாய் மட்டும்தான் வாசல் என்று எண்ணிவிடக் கூடாது. டயாலிசிஸ் மையத்தில் பலருடைய இரத்தம் ஒரே கூரையின் கீழ் ஓடுகிறது. பிஸ்டுலா உள்ளவருக்குத் தடவைக்கு 2 ஊசி. வாரம் 3 முறை என்றால் ஆண்டுக்கு 312 ஊசிகள்! ஹெப்பாடிட்டிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத் துளியிலும் 7 நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. 1969-70-இல் பிரிட்டனின் எடின்பரோ நகரில் டயாலிசிஸ் பிரிவு ஒன்றில் இந்த நோய் பரவி, நோயாளிகளோடு மருத்துவப் பணியாளர்களும் இறந்தார்கள். அங்கே 1972-இல் ரோசன்ஹைம் குழு அறிக்கை வந்து கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஹெப்பாடிட்டிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி அறை, தனி இயந்திரம் என்பது இன்று எங்கும் ஏற்கப்பட்ட விதி. ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய கையுறை என்பது அதைவிட அடிப்படையான விதி.

ஹெப்பாடிட்டிஸ் சி வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் கடந்த பத்தாண்டுகளில் வந்த மாத்திரைகளால் பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் குணமாகிறது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் இவற்றைக் கொடுக்கலாம். முன்பெல்லாம் மாதக் கணக்கில் ஊசி போட்டும் பலருக்குக் குணமாகாத நோய் அது.

வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்துகொள்ளும் டயாலிசிஸ் ஒன்று உண்டு. இதற்கு ஊசி வேண்டாம், மையத்துக்குப் போக வேண்டாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான நீர்ப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் தினமும் 4 முறை குழாயைப் பையோடு இணைக்க வேண்டும். மாதத்துக்கு 120 முறை. ஒரு முறை அலட்சியமாகத் தொட்டாலும் வயிற்று உறையில் தொற்று வரலாம். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் அணிந்து, சோப்புப் போட்டுக் கை கழுவிச் செய்ய வேண்டும். வெளியே வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். பைக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்தால் எழுத்துத் தெரிய வேண்டும். தெரியாமல் கலங்கியிருந்தால் அன்றைக்கே பையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திவிட்டால் கவலை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை 1971-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைக்க வேண்டும். முதல் 6 மாதம் மிகவும் ஆபத்தான காலம். சி.எம்.வி. என்ற வைரஸ், பூஞ்சைத் தொற்று என்று பலவும் தலைகாட்டும். நம் நாட்டில் காசநோயும் உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்பு அடக்கி மருந்துகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். ஒரு நோய்க்கு வைத்தியம் பார்த்தால் சிறுநீரகம் பறிபோகக்கூடும்! அதனால்தான் மாற்று சிகிச்சை பெற்றவர் எந்த மருந்தையும் தன் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

பிறகு 2020-இல் கொரோனா வந்தது. எல்லோரும் வீட்டுக்குள் இருங்கள் என்று அரசு சொன்னது. கணக்குப்பிள்ளையால் இருக்க முடியுமா? பேருந்து ஓடாத அந்த நாட்களிலும் வாரத்துக்கு மூன்று முறை மகனுடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து மையத்துக்குப் போனார். டயாலிசிஸ் நோயாளிகளைக் கொரோனா மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கியது. உலகமே கை கழுவக் கற்றுக்கொண்ட அந்த நேரத்தில் அவருக்கு அது ஏற்கெனவே பழகிப்போன பாடமாக இருந்தது.

சாத்த வேண்டிய கதவுகள்

இவ்வளவு சொன்ன பிறகு, என்னதான் செய்வது என்ற கேள்வி எழும். செய்யக்கூடியவை பல இருக்கின்றன. பெரும்பாலானவை பெரிய செலவு வைக்காதவை.

முதலாவது, பிஸ்டுலாவை முன்கூட்டியே போட்டுக்கொள்வது. டயாலிசிஸ் இன்னும் சில மாதங்களில் தேவைப்படலாம் என்று மருத்துவர் சொல்லும்போதே செய்ய வேண்டும். அதுவரை அந்தக் கையின் சிரைகளைக் காப்பாற்ற வேண்டும். இரத்தம் எடுக்கவோ குளுக்கோஸ் ஏற்றவோ புறங்கையை நீட்ட வேண்டும். பிஸ்டுலா போட்ட கையில் இரத்த அழுத்தம் பார்க்க விடக் கூடாது. சிலருக்குச் சிரை மெலிந்திருந்தால் பிஸ்டுலா அமையாமல் போகலாம். அவர்களுக்கு வேறு வழிகளை மருத்துவர் சொல்வார்.

இரண்டாவது, தடுப்பூசி. ஹெப்பாடிட்டிஸ் பி தடுப்பூசியைச் சிறுநீரகம் முழுவதும் செயலிழக்கும் முன்பே போட்டால் பலன் அதிகம். டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு வழக்கமான 20 மைக்ரோகிராமுக்குப் பதில் 40 மைக்ரோகிராம் வீதம், 0, 1, 2, 6 ஆகிய மாதங்களில் 4 தடவை போடுவது வழக்கம். பிறகு எதிர்ப்பொருள் உருவானதா என்று இரத்தத்தில் பார்க்க வேண்டும். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி ஆண்டுதோறும் தேவை. நிமோனியா தடுப்பூசியும் உண்டு.

மூன்றாவது, குழாய் இருந்தே ஆக வேண்டியவர்கள் கட்டை நனைக்கக் கூடாது. நனைந்துவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லிக் கட்டை மாற்ற வேண்டும். குழாயைத் திறக்கும்போது சிஸ்டரும் நோயாளியும் முகக்கவசம் அணிய வேண்டும். மூடியை மருந்து தோய்த்துத் தேய்த்துத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். டயாலிசிஸ் தவிர வேறு எதற்கும் அந்தக் குழாயைத் தொட விடக் கூடாது.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. குழாய் உள்ளவருக்குக் குளிரோ காய்ச்சலோ வந்தால் அது அவசரநிலை. ஞாயிற்றுக்கிழமை என்றோ, நள்ளிரவு என்றோ பார்க்கக் கூடாது. மருந்துக்கடை மாத்திரையில் காலம் கடத்தக் கூடாது. சில வலி மாத்திரைகளும் சில ஆன்டிபயாடிக்குகளும் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்பதால் சுய வைத்தியம் இரட்டை ஆபத்து.

புதிதாக வருபவர்களிடம்...

கணக்குப்பிள்ளை இன்றும் டயாலிசிஸ் செய்துகொண்டுதான் இருக்கிறார். மண்டிக்கு இப்போது மாலையில் மட்டும் போகிறார். காலையில் எழுந்ததும் மனைவி அவருடைய இடது மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பார். உள்ளே இரத்தம் பாயும் அதிர்வு, பூனை உறுமுவதைப் போல விரலில் தெரியும். "ஓடுதுங்க" என்பார். அதன் பிறகுதான் அந்த வீட்டில் காபி.

மையத்துக்குப் புதிதாகக் கழுத்துக் குழாயோடு யாராவது வந்தால் அவர் தன் குறிப்பேட்டைப் பையிலிருந்து எடுப்பார். 2019 ஏப்ரல் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். ஒரு பக்கம் சின்னத் தொகை, மறுபக்கம் பெரிய தொகை, நடுவே அந்தக் கோடு. ஆசிரியரைப் பற்றியும் சொல்வார். அண்மையில் ஒரு இளம் ஆட்டோ ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாராம்.

"பெருமாள் கோவில் திருவிழா வருதுங்கய்யா, சவாரி நல்லா இருக்கும். அது முடிஞ்சதும் போட்டுக்கட்டுமா?"

கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. "தம்பி, திருவிழா அடுத்த வருசமும் வரும். நீ இருக்கணும்ல?" என்றாராம்.

அடுத்த வாரமே அந்த இளைஞர் கையில் கட்டோடு வந்திருக்கிறார்.

வருமுன் காப்போம் என்று பள்ளிச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். படிப்பது எளிது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ சிறுநீரக நோயாளி யாராவது இருந்தால், நண்பர்களே, இன்றே ஒரு கேள்வி கேளுங்கள்: "பிஸ்டுலா போட்டாச்சா? ஹெப்பாடிட்டிஸ் தடுப்பூசி போட்டாச்சா?" அந்தக் கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.